பெரிய கூடையில் மணிக்கு 14 ரூபாய்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. அவர் கடிதத்தின் சாரம் இதுதான்:

"எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் இரண்டாம் வகுப்பு, சின்னவன் எல்கேஜி. வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் வேலை. மாமியாருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. நான்கு வருடமாக ஒயர் கூடை பின்னி விற்கிறேன். மூன்று ரோல் கூடை 350, இரண்டு ரோல் லஞ்ச் கூடை 250, தாம்பூலத்துக்குக் கொடுக்கிற சின்னக் கூடை 120. ஒயர் ரோல் 70 ரூபாய்க்கு எடுக்கிறேன். காலையில் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும், ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பின்னுவேன். பெரிய கூடை இரண்டு நாளில் முடிந்துவிடும், லஞ்ச் கூடை ஒரு நாள், சின்னது ஒரு நாளைக்கு மூன்று. ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் கையில் காசே நிற்பதில்லை. போன மாதம் வளைகாப்புக்கு 50 சின்னக் கூடை 12 நாளில் கேட்டார்கள், ஒத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரைக்கும் பின்னினேன். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் 'எங்கம்மா தூங்கவே மாட்டாங்க' என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் 'ஒயர் கடைக்காரனுக்குத்தான் லாபம், விட்டுத் தொலை' என்கிறார். தையில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கும் நாத்தனார் முப்பது கூடை கேட்கிறார், விலை பேச வாய் வரவில்லை. குழுக் கடனாக 40,000 தருகிறோம் என்று ஒரு நிதி நிறுவனத்திலிருந்து வந்து போகிறார்கள். அதை வாங்கி மொத்தமாக ஒயர் எடுத்துப் போட்டால் லாபம் வருமா? இல்லை, விட்டுவிடட்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களை முதலில் பார்த்தேன். அந்த மெரூனும் சந்தனமும் கலந்து, சிவன் கண் என்கிற பின்னல் போட்ட கூடையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வரிசை ஒன்றுகூட சாயவில்லை, மூலையில் அடி முடிந்து சுவர் எழும்புகிற இடத்தில் பலருக்கும் ஒரு தொளதொளப்பு வரும், உங்களுக்கு அது இல்லை. மிச்ச ஒயர் நுனிகளை உள்பக்கம் முடிச்சுக்குள் செருகியிருப்பதும் தெரிகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இருபது வருடமாக வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை, சரக்கே சரியில்லாமல் விலை மட்டும் ஏற்றக் கேட்பவர்களும் வருவார்கள், அவர்களுக்கு நான் வேறு பதில் சொல்வேன். உங்களுக்கு வேலையில் குறை ஒன்றும் இல்லை. குறை முழுவதும் கணக்கில் இருக்கிறது.

நீங்கள் எழுதிய நேரத்தை வைத்தே போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம் பின்னுகிறீர்கள். பெரிய கூடைக்கு இரண்டு நாள், அதாவது ஒன்பது மணி நேரம். மூன்று ரோல் ஒயர் 210 ரூபாய், ஒயர் எடுக்கப் போய்வரும் பஸ் காசு, கைப்பிடிக்குள் விடுகிற ட்யூப், பொட்டலம் எல்லாம் சேர்த்து ஒரு 15 என்று வையுங்கள். 350ல் 225 போனால் மிச்சம் 125. ஒன்பது மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 14 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. 2025-26க்கு நம் மாநிலத்துக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய், எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. மண் வெட்டுகிற கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு, ராத்திரி கண் விழித்து சிவன் கண் போடுகிறீர்கள்.

லஞ்ச் கூடைக்கு வாருங்கள். இரண்டு ரோல் 140, மற்றது 10, மிச்சம் 100, நாலரை மணி நேரம். மணிக்கு 22.

இப்போது அந்தச் சின்னக் கூடை. கடிதத்தில் அதைப் பற்றி "அது சும்மா பிள்ளை விளையாட்டு, அதில் என்ன வரப்போகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அரை ரோல் 35 ரூபாய், மற்றது ஐந்து ரூபாய், 120ல் மிச்சம் 80. ஒன்றரை மணி நேரம். மணிக்கு 53 ரூபாய்! நீங்கள் பெருமையாக நினைக்கிற பெரிய கூடையைப்போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக, நீங்கள் மதிக்காத அந்தச் சின்னக் கூடைதான் சம்பாதித்துக் கொடுக்கிறது. நான்கு வருடமாக இது உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் உங்கள் அசட்டை இல்லை. 350 ரூபாய் மொத்தமாகக் கையில் விழும்போது பெரிதாகத் தெரியும், 120 சின்னதாகத் தெரியும், நடுவில் போன நேரத்தை யாரும் காசாகப் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கிற பெண்ணின் நேரம் இலவசம் என்று ஊரே நினைக்கிறது, நாமும் அதையே நம்பிவிடுகிறோம். இதில் எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு, என்னிடம் வருகிற பத்து பேரில் ஒன்பது பேர் செலவுக் கணக்கில் தன் கூலியை எழுதாமல்தான் வருகிறார்கள்.

ஆகவே உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. பெரிய கூடையைப் பொறுத்தவரை நிஜமாகவே கடைக்காரருக்கு 210, உங்களுக்கு 125. ஆனால் அதற்கு விட்டுத் தொலைப்பது வழியில்லை. எதைப் பின்னுவது, என்ன விலைக்கு, எத்தனை நாளில் என்ற மூன்றையும் மாற்ற வேண்டும். இந்தக் கணக்கை அவரிடமே காட்டுங்கள். மில்லில் ஷிப்ட் பார்ப்பவருக்கு மணிக்கூலி என்றால் என்ன என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

நான் போட்டது உங்கள் கடிதத்தை வைத்துப் போட்ட கணக்குத்தான், உட்கார்ந்த நேரமெல்லாம் பின்னின நேரம் ஆகாது, நடுவில் குக்கர் விசில், மாமியாருக்கு வெந்நீர், சின்னவன் எழுந்து அழுவது எல்லாம் இருக்கும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒயர் வைத்திருக்கும் பையிலேயே ஒரு பேனாவோடு போட்டு வையுங்கள். உட்காரும்போது மணி, எழுந்திருக்கும்போது மணி, எந்தக் கூடை. அவ்வளவுதான். ஒயர் வெட்டுவதும் நேரம்தான், விளிம்பு மடிப்பதும் நேரம்தான், கைப்பிடி சுற்றுவதும் நேரம்தான், வாட்ஸ்அப்பில் நிறம் காட்டிப் பேசுவதையும் எழுதுங்கள், அதில் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள். நான்கு வாரம் எழுதுங்கள்.

பெரிய கூடையை நிறுத்தச் சொல்லவில்லை. அது உங்கள் கைத்திறனைக் காட்டுகிற பொருள், அதைப் பார்த்துத்தான் சின்னதையும் கேட்கிறார்கள். ஆனால் விலை 350 இல்லை. மணிக்கு 42 வைத்தாலே ஒன்பது மணி நேரத்துக்கு 378, பொருள் 225, மொத்தம் 603. ஆக 600க்குக் கீழே சாதா முடிச்சுக் கூடைகூடக் கொடுக்காதீர்கள், சிவன் கண் என்றால் நோட்டில் எத்தனை மணி நேரம் கூடுதலாக வருகிறதோ அதையும் சேருங்கள். உங்கள் தெருவில் 600 ரூபாய்க்கு வாங்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். வாங்க வேண்டாம். மாதத்துக்கு எட்டு விற்கிற இடத்தில் இரண்டு விற்கட்டும், அந்த ஆறு கூடைக்குப் போன 54 மணி நேரத்தில் 36 சின்னக் கூடை ஆகும்.

சரி, சின்னக் கூடைக்கு அத்தனை ஆர்டர் எங்கே வரும் என்று கேட்பீர்கள். இங்கேதான் மாதக் கணக்கு வருகிறது. தாம்பூலக் கூடை கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசத்தை நம்பி ஓடுகிற சரக்கு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கை சும்மா இருக்கும், ஆவணியிலும் தையிலும் மூச்சு விட முடியாது. கை சும்மா இருக்கிற மாதத்தில் பொதுவாகப் போகிற இரண்டு மூன்று நிறத்தில், மஞ்சள் சிவப்பு, பச்சை மஞ்சள் மாதிரி, ஒரு நாற்பது கூடை பின்னி வைத்துவிடுங்கள். மார்கழியில் காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் பூக்கூடை வாங்குவார்கள், அளவு கிட்டத்தட்ட அதேதான். புரட்டாசியில் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க இதே கூடையை இன்னும் சின்னதாகக் கேட்பார்கள். கல்யாண மண்டபப் பக்கம் இருக்கிற பூக்கடை, வளையல் கடை, பத்திரிகை அச்சடிக்கிற கடை, இங்கெல்லாம் ஒரு மாதிரிக் கூடையும் ஃபோன் நம்பரும் வைத்துவிட்டு வாருங்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே எல்லோரும் போகிற இடம் பத்திரிகை அடிக்கிற கடைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். ஐம்பது வாங்கினால் விலை குறையுங்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். மிஷினில் செய்தால் ஐம்பதாவது பொருளுக்குச் செலவு குறையும். கையால் பின்னுகிற உங்களுக்கு ஐம்பதாவது கூடைக்கும் அதே ஒன்றரை மணி நேரம்தான், விரல் வலி மட்டும் அதிகம். மிச்சமாவது பஸ் காசு, அதைக் குறைத்துக் கொடுங்கள், கூடைக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். அதற்கு மேல் வேண்டாம்.

நாள் கணக்கும் அப்படித்தான். ஐம்பது கூடைக்கு 75 மணி நேரம். அதைப் பன்னிரண்டு நாளில் முடிக்க ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும், பிறகு ராத்திரி இரண்டு மணி ஆகாமல் என்ன செய்யும். காலையில் அந்த இரண்டு மணி நேரம், சாயங்காலம் பெரியவள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம், ஆக மூன்று மணி நேரம்தான் உங்கள் கடை திறந்திருக்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் ஐம்பது கூடைக்கு 25 நாள், காய்ச்சல் தலைவலிக்கு ஐந்து நாள் சேர்த்து முப்பது. ஆர்டர் வந்தால் "ஒரு மாசம் ஆகுங்க, அவசரம்னா ரெடியா இருக்கிற கலர்ல நாப்பது தர்றேன்" என்று சொல்லுங்கள். மார்கழியில் பின்னி வைக்கச் சொன்னது இதற்கும்தான். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை மூடிவிட்டது. முதல் இரண்டு வாரம் வருமானம் குறைந்ததுபோலத் தெரியும், பரவாயில்லை. மகள் டீச்சரிடம் சொன்னதை நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அவள் உங்களைக் குறை சொல்லவில்லை, கவலைப்பட்டிருக்கிறாள்.

கடிதத்தின் ஓரத்தில் பேனாவை மாற்றி எழுதியிருந்தீர்களே, விடியற்காலையில் வலது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகிறது என்று. அதைத் தைலம் தேய்த்துத் தள்ளிப்போட வேண்டாம். நான் டாக்டர் இல்லை, ஆனால் பின்னல்காரர்களும் தையல்காரர்களும் இதைக் கவனிக்காமல் விட்டு அப்புறம் ஊசி பிடிக்கவே முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். முடிச்சு இழுக்கும் கையில் விரலுக்குப் பழைய காட்டன் துணிப் பட்டை சுற்றிக்கொள்ளுங்கள், ஒயர் அறுக்காமலாவது இருக்கும். கைப்பிடி சுற்றுவதற்குத்தான் அதிகம் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், பழகின ஒரு அக்காவுக்குக் கைப்பிடிக்கு இவ்வளவு என்று பேசி வெளியே கொடுங்கள், அந்தக் கூலியைக் கூடை விலையில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து முன்பணம். வளைகாப்புக்காரர்கள் கூடையை வாங்கும்போது "ஃபோட்டோவில் மயில் கழுத்துப் பச்சையாகத் தெரிந்தது, இது கிளிப்பச்சை" என்று சொல்லி ஆளுக்கு ஆள் முகம் சுளித்து 500 ரூபாய் குறைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஃபோனில் நிறம் ஒருபோதும் சரியாகத் தெரியாது. உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சாண் வெட்டி, சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையத்தில் கோத்து வையுங்கள். உள்ளூர் என்றால் நேரில் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும், வெளியூர் என்றால் அந்த நிறத்தில் ஒரு கூடை மட்டும் பின்னி அனுப்பி, சரி என்று சொன்ன பிறகு மற்றதை ஆரம்பியுங்கள். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே ஒயர் எடுக்கப் போங்கள். ஐம்பது கூடை 6,000 என்றால் 3,000 முன்பணம், ஒயர் 1,750 அதிலேயே அடங்கிவிடும். இன்னொன்று, ஒரு ஆர்டருக்கான ஒயர் முழுவதையும் ஒரே நாளில் ஒரே கடையில் எடுங்கள், அடுத்த வாரம் போனால் அதே பச்சை கொஞ்சம் வெளுத்து வரும், இது உங்களுக்கே தெரிந்திருக்கும், கையில் காசு இல்லாததால்தான் இரண்டு தடவையாக எடுத்திருப்பீர்கள்.

இதிலேயே கடன் கேள்விக்கும் பதில் இருக்கிறது. 40,000 வாங்க வேண்டாம். உங்களுக்குத் தட்டுப்பாடு ஒயரில் இல்லை, நேரத்தில். 40,000க்கு ஒயர் எடுத்தால் 570 ரோல், நாளுக்கு மூன்று மணி நேரம் பின்னினால் ஒன்றரை வருடத்துக்குக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், அதற்குள் ஊரார் கேட்கிற நிறம் மாறிவிடும், வாராவாரம் தவணைக்கு மட்டும் ஆள் வந்து திண்ணையில் உட்காருவார்கள். பிற்பாடு நான்கைந்து பேரை வைத்துச் செய்கிற அளவுக்கு வந்து, நிஜமாகவே முதல் தேவைப்பட்டால், வங்கியில் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு என்கிற சிறு கடன் 50,000 வரைக்கும் அடமானம் இல்லாமல் கேட்கலாம், அல்லது உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழு மூலமாக வங்கிக் கடன் வாங்கலாம். குழுவில் சேர்வதில் இன்னொரு நன்மை, கண்காட்சி, அரசு விற்பனை அரங்குகளில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கூடைக்கு 600 கொடுக்கிறவர்கள் அங்கேதான் வருவார்கள்.

உத்யம் பதிவுக்கு, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் பதிவதற்கு, ஒருவர் 1,500 கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். உத்யம் பதிவு மத்திய அரசின் இணையதளத்தில் முற்றிலும் இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், பார்க்க அதே மாதிரி இருக்கிற தனியார் தளங்கள் பணம் கேட்கும், அதனால் முகவரி அரசுத் தளம் மாதிரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துச் செய்யுங்கள். அதைப் பதிந்தாலே மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று யாரோ பயமுறுத்தியதும் சரியில்லை, அந்தத் திட்டத்தில் பார்ப்பது குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா என்பது போன்ற விஷயங்களை. ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலையே வேண்டாம், மாநிலத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கு வருடத்துக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பெங்களூருக்கும் கேரளாவுக்கும் தொடர்ந்து அனுப்ப ஆரம்பித்தால் விதி வேறு, அப்போது ஒரு கணக்கரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

காசு ஏன் கையில் நிற்கவில்லை என்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. ஜிபே வீட்டுக்காரர் நம்பரில் இருக்கிறது, கூடைப் பணம் அவர் கணக்கில் விழுந்து அன்றைக்கே கேஸ் சிலிண்டராகவும் ஸ்கூல் வேன் ஃபீஸாகவும் போய்விடுகிறது, அடுத்த ஒயருக்கு நீங்கள் கடுகு டப்பாவில் கை விடுகிறீர்கள். அவர் மேல் தப்பு இல்லை, யாருக்கும் தெரியாமலே நடப்பது இது. உங்கள் பெயரில் இருக்கிற கணக்கை உங்கள் ஃபோனோடு இணைத்து, கூடைப் பணம் அங்கேயே வரட்டும். வந்ததும் முதலில் ஒயர் காசை ஒதுக்குங்கள், அப்புறம் உங்கள் கூலி, அந்தக் கூலியிலிருந்து வீட்டுக்கு என்ன கொடுப்பது என்பது நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்வது.

நாத்தனார் விஷயத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதுதான் உங்களுக்கு உறுத்துகிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. முப்பது சின்னக் கூடை என்பது 45 மணி நேரம், 15 நாள். உறவை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், 15 நாளைச் சும்மா கொடுக்கவும் வேண்டாம். அந்த மெரூன் சந்தனக் கூடை மாதிரி ஒன்றைப் புது வீட்டுக்குச் சீராக, தேங்காய் பழம் வைத்து நிறைவாகக் கொடுங்கள், அதற்கு விலையே பேசாதீர்கள். முப்பதுக்கு மட்டும் விலை சொல்லுங்கள். "மதினி, பெரிய கூடை என் சீர், நான் எடுத்துட்டு வர்றேன். தாம்பூலக் கூடைக்கு ஒயர், கூலி சேர்த்து நூறு ரூபா ஆகுது, உங்களுக்கு அதே விலைக்குத் தர்றேன்" என்றால் போதும். பொருள் 40, கூலி மணிக்கு 42 வீதம் 63, நூறு என்பது உண்மையான அடக்க விலைதான், நீங்கள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. உங்களால் சொல்ல முடியாவிட்டால் வீட்டுக்காரர் அவர் அக்காவிடம் சொல்லட்டும், அந்த நோட்டைக் காட்டின பிறகு அவருக்கே சொல்லத் தோன்றும். கிரகப்பிரவேசம் தையில் என்றால் இப்போதே நிறத்தைக் கேட்டு முடிவு செய்து, முப்பதுக்கும் சேர்த்து பதினைந்து ரோலை ஒரே தடவையாக எடுத்து, மார்கழி முதல் வாரத்தில் அடி போட ஆரம்பித்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கூடையை இயற்கைப் பொருள், பிளாஸ்டிக் இல்லாதது என்று யாரோ விளம்பரம் எழுதித் தந்திருப்பதைப் பார்த்தேன், அதை எடுத்துவிடுங்கள், ஒயரும் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்தது ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்கை. உங்கள் கூடை வருடக்கணக்கில் உழைப்பது, அதையே சொல்லுங்கள். எங்கள் அத்தை பின்னிக் கொடுத்த பச்சைக் கூடையில் இருபது வருடமாக நான் காய்கறி வாங்குகிறேன், கைப்பிடி மட்டும் ஒரு தடவை மாற்றினேன். பழைய கூடைக்குக் கைப்பிடி மாற்றித் தரப்படும் என்று நீங்களும் ஒரு வரி சேர்த்து எழுதிவையுங்கள், அதற்கு என்ன விலை என்பதை நான்கு வார நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பும்போது சேர்ந்து போடலாம்.